மலாக்காவில் ஒரு சொல் குடித்த உயிர்கள்



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகள் நம்மைச் சும்மா இருக்க விடுவார்களா? "அப்பா, மலாக்காவுக்குப் போகலாம்" என்று நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நீங்கள் ஜாசினில் இருக்கலாம், அலோர் காஜாவில் இருக்கலாம், புக்கிட் அசகான் பக்கம் இருக்கலாம். தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்து ஆண்டுகள் பல ஆகியிருக்கலாம். எங்கே இருந்தாலும் நமக்கெல்லாம் பட்டணம் என்றால் மலாக்காதான்!

போகிறோம். சிவப்புக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறோம். பூ அலங்காரம் செய்த பெச்சா வண்டியில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று சுற்றுகிறோம். செண்டோல் வாங்கிக் கொடுக்கிறோம். வெயில் தாழ்ந்ததும் பேருந்து ஏறிவிடுகிறோம். அவ்வளவுதானே?

இந்த முறை என்னோடு கொஞ்சம் மெதுவாக நடந்து வாருங்கள். நீங்கள் செண்டோல் குடித்துக்கொண்டு நின்ற அந்த ஆற்றங்கரையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு கொலை நடந்தது. ஒருவரல்ல, ஒரு குடும்பமே ஒரே நாளில் வெட்டுண்டது. கொன்றது கத்திதான். ஆனால் அந்தக் கத்தியை உறையிலிருந்து உருவியது ஒரு சொல்! அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் யார் என்று கேட்டால் உங்களுக்கு மனம் சங்கடப்படும். அவர்கள் நம்மவர்கள். மாண்டவரின் உடம்பில் ஓடியதிலும் ஒரு பங்கு நம் பக்கத்து இரத்தம்தான்.

எண்பத்து நான்கு மொழிகள் கேட்ட துறை

மலாக்கா சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, நகரப் பேருந்து பிடித்து, சிவப்புக் கட்டடத்தின் அருகே இறங்குங்கள். டச்சுக்காரர் கட்டிய கட்டடம் அது. அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் பாலத்தின்மேல் நின்று கீழே ஓடும் ஆற்றைப் பாருங்கள். இன்று சுற்றுலாப் படகு போகும் இந்தக் குறுகிய ஆறுதான் ஒரு காலத்தில் கிழக்குலகின் சந்தைக்கடை.

1512 முதல் 1515 வரை இங்கே தங்கியிருந்த தோமே பிரேஸ் என்ற போர்த்துக்கீசியர், மலாக்காத் துறைமுகத்தில் எண்பத்து நான்கு மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். குஜராத்தியர், வங்காளத்தார், பெகு நாட்டார், ஜாவானியர், சீனர் என்று எல்லாரும் வந்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணிமூட்டையோடு நம்மவர்களும் வந்தார்கள். அவர்களை மலாய்க்காரர்கள் 'கெலிங்' என்று அழைத்தார்கள். தஞ்சோங் கிளிங் என்ற ஊர்ப்பெயரிலும், கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரிலும் அந்தச் சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வந்து இறங்கும் வணிகர்களைக் கவனிக்க 'ஷாபந்தர்' என்ற துறைமுகத் தலைவர்கள் நால்வர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மேலே பெண்டாஹாரா. நம் கதைகளில் வரும் தலைமை மந்திரி மாதிரி. வழக்கைக் கேட்பதும் அவர், நாட்டை நடத்துவதும் அவர். சுல்தானுக்கு அடுத்த நாற்காலி அவருடையது.

சமாதானத்தில் பிறந்த பிள்ளை

1500ஆம் ஆண்டு வாக்கில் அந்தப் பதவிக்கு வந்தவர் துன் முத்தாஹிர். அவருடைய பாட்டனார் மணி புரிந்தம் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர் என்று 'செஜாரா மெலாயு' என்ற மலாய் வரலாற்று நூல் சொல்கிறது. தமிழ் முஸ்லிம் வழியினர் என்று பல வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். வந்தவர் இங்கேயே பெண்ணெடுத்தார், குடும்பம் தழைத்தது.

துன் முத்தாஹிர் பிறந்த கதையே ஒரு பாடம். அவருடைய தந்தை துன் அலிக்கும், புகழ்பெற்ற துன் பேராவுக்கும் ஆகாது. அரண்மனையே இரண்டு பட்டு நின்றது. அன்றைய சுல்தான் முசாபர் ஷா இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை. துன் அலி பதவியை விட்டுக் கொடுக்க, துன் பேரா பெண்டாஹாரா ஆனார். துன் பேராவின் சகோதரி துன் குடு, துன் அலிக்கு மனைவியானார். சுல்தான் தம்முடைய மனைவியாக இருந்த துன் குடுவையே மணவிலக்குச் செய்து கொடுத்தார் என்கிறது நூல். அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டதோ! அதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பகை தணிந்தது. அந்தச் சமாதானத்தில் பிறந்த பிள்ளைதான் துன் முத்தாஹிர்.

அவர் காலத்தில் மலாக்கா செழித்தது. அவரும் செழித்தார். பிள்ளைகள் விளையாடத் தங்கத்தை அள்ளிக் கொடுப்பாராம்! நாம் பிள்ளை கையில் புளியங்கொட்டையைக் கொடுப்பதுபோல! இப்படிப்பட்ட செல்வம் ஊரார் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? அவருக்கு ஃபாத்திமா என்று ஒரு மகள். அழகி. அவளைத் துன் அலி என்ற இன்னொருவருக்கு மணம் முடித்து வைத்தார். திருமணத்துக்கு வந்த சுல்தான் மஹ்மூத் ஷா மணப்பெண்ணைப் பார்த்தார். இவளை நமக்குக் காட்டாமல் மறைத்துவிட்டாரே என்று மனத்துக்குள் கறுவிக்கொண்டார்.

கவனியுங்கள் வாசகர்களே. இன்னும் கோள் பிறக்கவில்லை. ஆனால் கோள் விழுந்தால் முளைப்பதற்கு மண் தயாராகிவிட்டது.

நடுநிசியில் ஒரு கதவு தட்டல்

அப்போது மலாக்காவில் இரண்டு பெரும் பணக்காரர்கள் இருந்தார்கள். ஒருவர் ராஜ முதலியார், ஷாபந்தர். மற்றவர் நைனா சுர தேவன், வணிகர்களின் தலைவர். இருவரும் கெலிங் இனத்தவர். பெயரைக் கேட்டாலே நமக்குத் தெரிகிறதே! இருவருக்குள் வழக்கு. தீர்ப்புக்காகப் பெண்டாஹாராவிடம் வந்தார்கள். பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார் அவர்.

அந்த ஓர் இரவுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

ராஜ முதலியார் பெரிய பணக்காரர், கையூட்டுக் கொடுத்துத் தீர்ப்பை வாங்கிவிடுவாரோ என்று நைனா சுர தேவனுக்குப் பயம். முந்திக்கொண்டு தாமே இரவோடு இரவாகத் தங்கத்தைச் சுமந்துகொண்டு பெண்டாஹாரா வீட்டுக்குப் போனார். பெண்டாஹாராவும் வாங்கிக்கொண்டார். ஆம், வாங்கிக்கொண்டார்! மாண்டவர் என்பதற்காக அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. நீதிபதியின் கையில் ஒரு தரப்பின் தங்கம் ஏறியது பெரிய பிழை.

நைனா சுர தேவனுக்குக் கித்துல் என்று ஓர் உறவினன். இவன் ராஜ முதலியாருக்கு ஒரு காட்டி தங்கம் கடன்பட்டவன். கடன்காரன் நெஞ்சம் எப்படித் துடிக்கும் என்று நமக்குத் தெரியாதா? சம்பள நாளன்று வட்டிக்காரரைக் கண்டு லயத்துக்குப் பின்னால் ஒளிந்த கதைகள் நம்மிடையே எத்தனை! கித்துல் ஒளியவில்லை. கடனைக் கழிக்க ஒரு வழி கண்டுபிடித்தான்.

நடுநிசி. ராஜ முதலியார் வீட்டுக் கதவைத் தட்டினான். தங்கம் கைமாறிய சேதியைச் சொன்னான். அதோடு நிறுத்தினானா? உன்னைக் கொல்லத்தான் அந்தத் தங்கம் என்று ஒரு வாலையும் சேர்த்துக் கட்டினான். பாதி உண்மை, பாதி பொய். இந்தக் கலவை இருக்கிறதே, முழுப் பொய்யைவிட ஆயிரம் மடங்கு கொடியது! முழுப் பொய்யை விசாரித்தால் உடைந்துவிடும். பாதி உண்மை கலந்த பொய் அந்த உண்மையையே சாட்சிக்கு இழுத்துக்கொண்டு வரும்.

ராஜ முதலியார் அந்த இடத்திலேயே கித்துலின் கடன் பத்திரத்தைக் கிழித்துப் போட்டார். ஒரு காட்டி தங்கத்துக்கு ஒரு வதந்தி விலைபோனது.

பயந்தவன் சும்மா இருப்பானா? ராஜ முதலியார் பொன்னும் மணியும் எடுத்துக்கொண்டு கடற்படைத் தலைவர் லக்சமணா கோஜா ஹசானிடம் ஓடினார். பெண்டாஹாரா அரசராக ஆசைப்படுகிறார், சிம்மாசனம்கூடச் செய்து வைத்துவிட்டார் என்று காதில் போட்டார். நடுநிசியில் 'ஒருவரைக் கொல்லப் போகிறார்' என்று இருந்த சேதி இப்போது 'அரசையே கவிழ்க்கப் போகிறார்' என்று வளர்ந்துவிட்டதைப் பார்த்தீர்களா? பொன்னைக் கண்டு மயங்கிய லக்சமணா அதைச் சுல்தானின் காதுக்குக் கொண்டுபோனார்.

சுல்தான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. "அந்தச் சிம்மாசனத்தை யார் பார்த்தது?"

அவர் கேட்கவில்லை. மகளைக் கொடுக்காத மனக்கசப்பு, கேள்விக்கு இடம் கொடுக்கவில்லை.

வெள்ளித் தட்டில் வந்த கிரிஸ்

1510ஆம் ஆண்டு. சுல்தானின் ஆட்கள் பெண்டாஹாராவின் வீட்டுக்கு வந்தார்கள். வெள்ளித் தட்டில், துணி போர்த்தி, ஒரு கிரிஸ் கத்தி. அந்தத் தட்டு வந்தால் அதற்கு ஒரே பொருள்தான்.

பெண்டாஹாராவின் மகன் துன் ஹசான் தெமெங்கோங் வீரர். வீட்டில் ஆட்கள் ஆயுதத்தோடு திரண்டுவிட்டார்கள். எதிர்த்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. தந்தைதான் மகனைத் தடுத்தார். மன்னருக்கு எதிராகக் கையோங்கி நம் குலத்துப் பெயரைக் கெடுக்கப் போகிறாயா என்று கேட்டாராம். மகன் ஆயுதத்தைப் போட்டார்.

அப்பா, மகன், பெண்டாஹாராவின் சகோதரர் ஸ்ரீ நர திராஜா, மருமகன் துன் அலி என்று ஆண்கள் வெட்டுண்டு விழுந்தார்கள். சகோதரரின் பிள்ளை துன் ஹம்சா என்ற சிறுவன் கழுத்தில் வெட்டுப்பட்டும் பிழைத்துக்கொண்டான். ஃபாத்திமா ஒரே நாளில் தந்தையையும், அண்ணனையும், கணவனையும் இழந்தாள்.

இப்போது பாலத்திலிருந்து இறங்கி, செயின்ட் பால் குன்றின் அடிவாரத்துக்கு வாருங்கள். அங்கே மரத்தால் கட்டிய அரண்மனை ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. மன்சூர் ஷா காலத்து அரண்மனை எப்படி இருந்தது என்று செஜாரா மெலாயு சொல்லும் வர்ணனையை வைத்து 1980களில் கட்டியது. அந்த மரப்படிகளில் ஏறும்போது பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்: "இப்படி ஒரு வீட்டில்தான் ஒருவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு ஒரு குடும்பமே விலை கொடுத்தது."

காலம் கடந்த விசாரணை

கொலை முடிந்த பிறகு விசாரணை நடந்தது! சிம்மாசனமும் இல்லை, சதியும் இல்லை. சுல்தானுக்கு அப்போதுதான் கண் திறந்தது. ராஜ முதலியார் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். கித்துலும் அவன் குடும்பமும் கழுவேற்றப்பட்டார்கள். அவன் வீடு நின்ற மண்ணைக்கூடத் தோண்டிக் கடலில் கொட்டினார்களாம். லக்சமணாவின் சொத்து பறிபோனது.

கோள் சொன்னவர்களின் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? ஒரு கொலைக்கு ஈடாக இன்னும் பல கொலைகள். மண்ணைத் தோண்டிக் கடலில் கொட்டியதால் மாண்டவர் திரும்பி வந்தாரா?

சுல்தான் ஃபாத்திமாவைத் தம் மனைவியாக்கிக்கொண்டார். அவள் அரசியானாள். ஆனால் அதன் பிறகு அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று நூல் சொல்கிறது. வாசகர்களே, இந்தக் கதை முழுவதிலும் என் நெஞ்சை அறுக்கும் இடம் இதுதான். தந்தையைக் கொன்றவனின் வீட்டில் அவனுக்கே மனைவியாக வாழ்ந்தவளின் மௌனத்தைவிடப் பெரிய சாட்சி வேறு என்ன வேண்டும்?

மனம் நொந்த சுல்தான் மகன் அஹ்மாட்டிடம் ஆட்சியை விட்டு ஒதுங்கினார். புதிய பெண்டாஹாராவாக வந்தவர் நடக்கவும் இயலாத முதியவர். இந்த நிலையில்தான் 1511ஆம் ஆண்டு அல்புகெர்க் கப்பல்களோடு வந்து சேர்ந்தார். ஆகஸ்டில் மலாக்கா விழுந்தது. பீரங்கிகளும், வணிகப் பேராசையும், வேறு பல காரணங்களும் அதற்கு உண்டு. கோள் ஒன்றால்தான் கோட்டை விழுந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீட்டுக்குள்ளேயே தூணை வெட்டிப் போட்டவன், புயல் வந்தபோது எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

தப்பி ஓடிய வழியில் சுல்தானின் மற்றொரு மனைவி துன் தேஜா இறந்ததாகச் சொல்வார்கள். அவருடைய சமாதி மெர்லிமாவ் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு வழி தெரிந்திருக்கும்.

போர்த்துக்கீசியர் பள்ளிவாசல்களையும் அரச சமாதிகளையும் இடித்து அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். இன்று எஞ்சியிருக்கும் கோட்டை வாசலுக்குக் கீழே நின்று நாம் படம் எடுத்துக்கொள்கிறோம். அடுத்த முறை அதைத் தொட்டுப் பாருங்கள்.

இங்கே நான் ஒன்றை ஒளிக்கக் கூடாது. செஜாரா மெலாயுவைத் தொகுத்தவர் என்று சொல்லப்படும் துன் ஸ்ரீ லானாங், பெண்டாஹாரா குடும்ப வழியில் வந்தவர். 1612ஆம் ஆண்டு தொடங்கிய வேலை அது. ஆக, நாம் கேட்பது பெரும்பாலும் மாண்டவர் வீட்டார் சொன்ன கதை. சுல்தான் தம் பெண்டாஹாராவைக் கொன்றதைத் தோமே பிரேஸும் குறிப்பிடுகிறார், அதனால் கொலை உண்மை. நடுநிசியில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதை மட்டும், ஒரு பக்கத்தார் சொன்னது என்று நினைத்தே கேட்க வேண்டும். கோளைப் பற்றிய கதையையும் விசாரித்துத்தானே நம்ப வேண்டும்?

மறுபடியும் அதே கதை

பட்டுக்கொண்டால் ஊர் திருந்தும் என்பார்கள். மலாக்கா திருந்தியதா?

போர்த்துக்கீசியர் ஆட்சியில் நைனா சாத்து என்ற இந்து வணிகர் பெண்டாஹாரா ஆக்கப்பட்டார். இவரும் கெலிங் இனத்தவர். சிறைப்பட்டுக் கிடந்த போர்த்துக்கீசியருக்கு முன்பு உணவு கொடுத்து உதவியவர். 1514இல் அந்தப் பதவியைப் பறித்துக் கம்பார் மன்னர் ராஜா அப்துல்லாவுக்குக் கொடுத்தார்கள். அந்த அவமானத்தில் நைனா சாத்து உயிரை விட்டார்.

பதவிக்கு வந்த ராஜா அப்துல்லா, நாடிழந்த சுல்தான் மஹ்மூத்தின் மருமகன். மருமகன் இன்னும் மாமனார் பக்கம்தான் என்று ஒரு பேச்சைச் சுல்தான் தரப்பே கிளப்பிவிட்டது. போர்த்துக்கீசியர் நம்பினார்கள். 1515இல் ஊரறிய அவர் தலையை வெட்டினார்கள். அதன்பின் பயந்துபோன வணிகர்கள் பலர் மலாக்காவை விட்டே போய்விட்டார்கள்.

ஐந்தே ஆண்டுகள் இடைவெளி. அதே பதவி. அதே பழி. அதே வெட்டு. பொய்ப்பழிக்குத் தம் பெண்டாஹாராவைப் பலிகொடுத்த அதே சுல்தான், இப்போது அந்தப் பொய்யையே ஆயுதமாக எடுத்து வீசினார்!

ஒளித்து வைத்த மனிதர்

பாலத்தைக் கடந்து ஜோங்கர் தெருவுக்குள் நுழையுங்கள். கடைகளுக்கு நடுவே ஹங் கஸ்தூரியின் சமாதி. அதற்குச் சற்றுத் தள்ளி, கம்போங் கூலி தெருவில் ஹங் ஜெபாட்டின் சமாதி. ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும் மோதிய கதையைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். அரண்மனை அருங்காட்சியகத்தில் அந்தச் சண்டையைப் பொம்மைகளாகவும் பார்த்திருப்பார்கள்.

அந்தக் கதையின் வேரும் கோள்தான். அரண்மனைப் பெண்ணோடு தகாத உறவு என்று ஹங் துவாமீது பழி சுமத்தினார்கள். சுல்தான் விசாரிக்காமல் கொல்லச் சொன்னார். ஆனால் இங்கே ஒரு மாற்றம். கொல்ல வேண்டியவர் கொல்லவில்லை! ஹங் துவாவைக் கண்காணாத இடத்தில் ஒளித்து வைத்தார். 'ஹிகாயாட் ஹங் துவா' நூலில் அவர் பெண்டாஹாரா. செஜாரா மெலாயுவில் அவர் ஸ்ரீ நர திராஜா. துன் முத்தாஹிரின் தந்தை தாங்கிய பட்டமும் அதுதான்.

பிறகு ஹங் துவா மாண்டதாக நம்பி நண்பன் கலகம் செய்தான். ஒரு நூலில் அவன் ஜெபாட், மற்றொரு நூலில் கஸ்தூரி. அடக்க ஆளில்லாமல் சுல்தான் தவித்தபோது, ஒளித்து வைத்திருந்த ஹங் துவாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். துவா தன் நண்பனைத் தன் கையாலேயே கொன்றான். அந்த நண்பனின் உயிரைக் குடித்ததும் முதலில் வந்த கோள்தானே!

ஆனாலும் அந்த ஒளித்து வைத்த மனிதரை நினைத்துப் பாருங்கள். அவர் செய்தது பெரிய வீரம் ஒன்றுமில்லை. கொஞ்சம் தாமதித்தார். அவ்வளவுதான். துன் முத்தாஹிருக்கு அப்படித் தாமதிக்க ஒருவர் கிடைக்கவில்லை.

எங்கள் லயத்துப் பாட்டி

ஆனால் எங்கள் லயத்தில் ஒருவர் இருந்தார்.

நான் சிறுவனாக இருந்த தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஒட்டுப்பாலை வெளியே விற்றார் என்று ஒரு பால்வெட்டுத் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அன்று மாலையே லயமெங்கும் பேச்சு: பக்கத்து வரிசைக்காரர்தான் கிராணியிடம் போட்டுக் கொடுத்தார் என்று. இரவு எட்டு மணி இருக்கும். வேலை போனவர் பாராங் கத்தியோடு வாசலில் இறங்கிவிட்டார். கள்ளும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. அவர் மனைவி காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். ஆண்கள் எல்லாம் வாசற்படியில் நின்று பார்த்தோமே தவிர ஒருவரும் இறங்கவில்லை.

ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர், கையில் அரிக்கேன் விளக்கோடு குறுக்கே வந்து நின்றார். "ஏப்பா, உங்கிட்ட யாரு சொன்னா?" என்று கேட்டார். அவர் ஒரு பெயரைச் சொன்னார். "வா, அவன்கிட்டயே கேப்போம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அந்த ஆள் இன்னொருவரைக் காட்டினார். அவர் குழாயடியில் கேட்டதாகச் சொன்னார். குழாயடியில் சொன்ன பெண்ணோ, "நான் அப்படிச் சொல்லலையே! கிராணி வீட்டுப் பக்கம் அவரைப் பாத்தேன்னுதான் சொன்னேன்" என்று அழுதாள். அவர் அங்கே போனது பிள்ளைக்கு மருந்து கேட்க.

நான்கு வாசல் ஏறி இறங்கியதில் நேரம் போனது. கள்ளின் வேகம் தணிந்தது. பாட்டி மெல்லக் கத்தியை வாங்கித் தம் வீட்டு அடுப்பங்கரையில் வைத்துவிட்டார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி முடியவில்லை. போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் குடும்பம் அடுத்த மாதமே வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. கிராணியிடம் சொன்னது யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. அந்த இருவரும் அதன்பிறகு முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. ஆனால் இருவரும் உயிரோடு இருந்தார்கள். இருவர் வீட்டிலும் தாலி இறங்கவில்லை. இருவர் பிள்ளைகளும் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள்.

அரண்மனையில் இருந்த அத்தனை பேருக்கும் தோன்றாத கேள்வி, எழுத்தறியாத அந்தப் பாட்டிக்குத் தோன்றியது: உன்னிடம் யார் சொன்னது?

பொய்யாத பிள்ளையார்

ஜோங்கர் தெருவிலிருந்து வெளியே வந்து, தங்கப் பட்டறைக்காரர் தெரு என்று பெயர் பெற்ற துக்காங் இமாஸ் தெருவுக்கு வாருங்கள். அங்கே கம்போங் கிளிங் பள்ளிவாசல், சீனர் கோவில், பிள்ளையார் கோவில் எல்லாம் ஒரே வரிசையில் அண்டை வீட்டார்போல் நிற்கின்றன. 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய அந்தக் கோவிலின் பெயர் தெரியுமல்லவா? ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம்!

பொய்யாத பிள்ளையார். சொன்ன வாக்குப் பொய்க்காதவர். கடன் பத்திரத்துக்காக ஒரு பொய் விலைபோன ஊரில், கடைவீதிக்கு நடுவே இப்படி ஒரு பெயரோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். யார் எதை நினைத்து அந்தப் பெயரை வைத்தார்களோ, எனக்கு அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம் அந்த நடுநிசிக் கதவுதான் நினைவுக்கு வருகிறது.

மலாய்க்காரர்கள் பொய்ப்பழியை 'ஃபித்னா' என்பார்கள். நம் வள்ளுவர் புறங்கூறாமைக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கினார். எல்லா இனத்துக்கும் இந்த நோய் உண்டு, எல்லா இனமும் மருந்தும் சொல்லி வைத்திருக்கிறது. சாப்பிடுவதுதான் இல்லை!

இன்று குழாயடி இல்லை. லயம் குறைந்துவிட்டது. ஆனால் சட்டைப்பையிலேயே குழாயடி வந்துவிட்டதே! ஒரு பெண்ணைப் பற்றி, ஒரு ஆசிரியரைப் பற்றி, ஒரு பக்கத்து வீட்டாரைப் பற்றி, யாரோ அனுப்பிய சேதி கைப்பேசியில் வருகிறது. கித்துல் நடந்துபோய்க் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. நமக்கு ஒரு விரல் போதும்.

பொழுது சாய்கிறது. பேருந்துக்கு நேரமாகிவிட்டது. பிள்ளைகள் சன்னலோர இடத்துக்குச் சண்டை போடுவார்கள். "இவன்தான் முதலில் தள்ளினான்" என்று ஒருவன் வந்து சொல்வான். உடனே மற்றவன் முதுகில் ஓர் அடி வைத்துவிடாதீர்கள். துன் முத்தாஹிரை நினைத்துக்கொள்ளுங்கள். அரிக்கேன் விளக்கோடு நின்ற எங்கள் பாட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"நீ பார்த்தாயா?" என்று முதலில் கேளுங்கள்.